அறுபத்து மூன்றாம் பக்கம்

வியாழக்கிழமைகளில் மட்டும் விஜி ஆவடியில் இறங்குவாள். மற்ற நாட்களில் திருநின்றவூரில் ஏறினால் பட்டரவாக்கம் வரைக்கும் கண்ணைத் திறப்பதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கிடங்கில் அவளுக்கு இரவு ஷிப்டு. ஏழு மணிக்குள் போய்க் கார்டைத் தேய்த்தால் போதும். வியாழனன்று ஐந்து மணி வண்டியைப் பிடித்து ஆவடியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் கேட் வரைக்கும் போய், 'ரோஸ்லின் லெண்டிங் லைப்ரரி' என்று பெயிண்ட் உதிர்ந்த போர்டுக்குக் கீழே நுழைவாள். அவளுடைய அம்மா பஞ்சவர்ணம் அங்கே வருவது சனிக்கிழமை. அதனால்தான் வியாழன்.

அங்கே அவளுக்கு ஒரே வேலைதான். பின்னறை அலமாரியில் 4117 என்று எண் ஒட்டிய புத்தகத்தை எடுத்து அறுபத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பக்க எண்ணுக்குக் கீழே பென்சிலால் இரண்டு புள்ளி இருந்தால் அம்மா அதைப் படித்து முடித்துவிட்டாள் என்று அர்த்தம். இல்லையென்றால் இல்லை. எட்டு வாரமாக இல்லை.

குவார்ட்டர்ஸ் பெண்களின் பழக்கம் அது. வாரத்துக்கு மூன்று நாவல் படிக்கிறவர்களுக்குத் தலைப்பு நினைவில் நிற்காது. படித்ததையே மறுபடி எடுத்துக்கொண்டு போய் பத்தாவது பக்கத்தில் தலையில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஆளுக்கொரு பக்கத்தில் அடையாளம் வைத்தார்கள். வீட்டு நம்பர்தான் பக்க நம்பர். ஐம்பத்தெட்டாம் வீட்டுக்காரி ஐம்பத்தெட்டில் வட்டம் போடுவாள். அறுபத்து மூன்றாம் வீட்டுப் பஞ்சவர்ணம் இரண்டு புள்ளி. யாருடைய குறி எது என்று எல்லோருக்கும் தெரியும். யார் எதைப் படித்தார்கள் என்பதும் அதனால் எல்லோருக்கும் தெரியும்.

பஞ்சவர்ணம் ஒரு விஷயத்தில் கறார். கடைசிப் பக்கத்தை மூடிய பிறகுதான் பென்சிலை எடுப்பாள். பாதியில் விட்ட புத்தகத்துக்குப் புள்ளி கிடையாது.

சின்ன வயதில் புத்தகம் மாற்றிக்கொண்டு வருவது விஜியின் வேலை. அப்போது விஜி என்றால் விஜயராகவன். டவுசர் போட்ட பையன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த காலம். அலமாரி முன்னால் நின்று ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, எச்சில் தொட்டு அறுபத்து மூன்றைத் திருப்பி, புள்ளி இல்லாததாகப் பார்த்து இரண்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். வழியில் படிக்க ஆரம்பித்து, பன்னிரண்டு வயதில் அம்மாவுக்கு முன்னாலேயே முடிக்கிற அளவுக்கு வந்தாயிற்று. முடித்தால் பக்க எண்ணுக்கு இடது பக்கம் ஒரு நட்சத்திரம். கையை எடுக்காமல் ஐந்து கோட்டில் போடுகிற குட்டி நட்சத்திரம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "முடிவ மட்டும் சொல்லித் தொலைக்காதடா" என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் வேறு எதையும் பேசிக்கொண்டதாக விஜிக்கு நினைவில்லை.

பதினேழு வயதில், பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால், பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு பாவாடையும் தாவணியும் அகப்பட்டன. அப்பா இராமகிருஷ்ணன் பெல்ட்டால் அடித்தார். அம்மா சமையலறையில் நின்றாள். குக்கர் மூன்று விசில் அடித்தது. நாலாவது விசிலின்போது விஜி தெருவில் இருந்தாள். படிப்பும் அன்றோடு போயிற்று. பிறகு இரண்டு தடவை வீட்டுக்குப் போன் செய்தாள். இரண்டு தடவையும் அம்மாதான் எடுத்தாள். "அம்மா" என்று இவள் சொன்னதும் அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. அப்புறம், "ராங் நம்பருங்க." அந்த 'ங்க'வை ஏழு வருடமாக விஜியால் விழுங்க முடியவில்லை.

கிடங்கில் டீக்கு விடுகிற இருபது நிமிடங்களில், போனில் தட்டித் தட்டி ஒரு கதை எழுதினாள். மதி என்கிற பதினாறு வயதுப் பெண். பள்ளிக்கூடப் பதிவேட்டில் பையன். ஆவடியில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். கெமிஸ்ட்ரி வராது. கதை போடுகிற ஒரு செயலியில் வாராவாரம் அதைப் போட்டாள். கிருஷ்ணப்பிரியா என்று புனைபெயர்.

படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி மதி கடைசியில் கலெக்டராக வேண்டும் என்றது. இன்னொரு கட்சி அவள் செத்தால்தான் மனதில் நிற்கும் என்றது. 'அழ வைத்துவிட்டீர்கள் தோழி' என்று எழுதியவர்கள், அவள் சிரிக்கிற அத்தியாயத்துக்கும் அதையே எழுதினார்கள். ஆபரேஷன் எப்போது வரும் என்று ஒருவர் பதினோரு வாரம் விடாமல் கேட்டார். ஒரு பிள்ளை மட்டும் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தது: 'மதி எப்படி ஸ்கூல்ல முடி வெட்டாம தப்பிச்சா? எந்த வாத்தியார் கிட்ட என்ன சொன்னா? சீக்கிரம் சொல்லுங்க, திங்கட்கிழமை அசெம்பிளி.' விஜி அந்த ஒரு செய்திக்குத்தான் பதில் எழுதினாள். ஒரு பக்கத்துக்கு எழுதினாள்.

மதியை அவள் சாகடிக்கவும் இல்லை, கலெக்டர் ஆக்கவும் இல்லை. மதி கெமிஸ்ட்ரியில் பெயிலாகி, துணைத் தேர்வு எழுதி, முப்பத்தெட்டு மார்க்கில் பாஸாகிறாள். கதை முடிந்தது. புத்தகமாகப் போட முன்வந்த சின்னப் பதிப்பகத்துக்காரர், "முடிவு பத்தலையே" என்றார். "அவளுக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டாள்.

'பதினோராம் வகுப்பு சி பிரிவு' முந்நூறு பிரதி அச்சாயிற்று. அச்சுக்கு முன்னால் அனுப்பிய பக்கங்களில் அவள் முதலில் பார்த்தது அறுபத்து மூன்றைத்தான். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது மதி நின்றுகொண்டே தயிர்சாதம் சாப்பிடுகிற இடம். முக்கியமாக ஒன்றும் இல்லை. வேறு எதையாவது அந்தப் பக்கத்துக்கு நகர்த்தலாமா என்று யோசித்து, விட்டுவிட்டாள். பிரதி கைக்கு வந்த அன்றே ஒன்றைக் கொண்டுபோய் லைப்ரரியில் கொடுத்தாள்.

லைப்ரரிக்காரர் இருதயராஜ் அதை வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, "காசுக்கா, சும்மாவா?" என்றார்.

"சும்மாதான்."

"சும்மா குடுத்தா நல்ல புக்காதான் இருக்கும்" என்று சொல்லி பிரவுன் அட்டை போட்டு, எண் ஒட்டி, ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார். முன்னால் ஜெராக்ஸ், ரீசார்ஜ், தேர்வு விண்ணப்பம். பின்னால்தான் புத்தகம். அவர் தன்னை அடையாளம் கண்டுகொண்டதாக விஜிக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு சில வியாழன் யாராவது எடுத்துப்போய் அலமாரியில் புத்தகம் இருக்காது, இருந்த வியாழனெல்லாம் அதில் பென்சில் எழுத்து கூடியிருந்தது. இருபத்திரண்டாம் பக்கத்தில்: 'இது குழந்தைகள் கையில் கிடைக்கும் இடத்தில் வைக்கக் கூடாது.' அதற்குக் கீழே வேறு கையெழுத்தில்: 'குழந்தைகள் பார்க்கிற சீரியலை முதலில் நிறுத்து.' எழுபதாம் பக்கத்தில், மதியின் அப்பா அடிக்கிற இடத்தில், யாரோ பென்சில் முனை உடைகிற அளவுக்கு அழுத்தி 'பாவி' என்று எழுதியிருந்தார்கள். தொண்ணூற்று ஒன்றில், உருண்டை உருண்டையான பள்ளிக்கூட எழுத்தில்: 'மதி அக்கா, எனக்கும் கெமிஸ்ட்ரி வராது.' அடுத்த வாரம் அதே எழுத்தில், கொஞ்சம் சின்னதாக: 'மத்ததும்தான்.' அதை விஜி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அறுபத்து மூன்று மட்டும் காலி. மதி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒன்பதாவது வியாழன் அவள் பின்னறையில் நிற்கும்போது முன்னால் குரல் கேட்டது. ஐம்பத்தெட்டாம் வீட்டுக் கமலம். திருநெல்வேலிப் பக்கம். நாலைந்து வருடத்துக்கு முன்னால்தான் மாற்றலாகி வந்தவர்கள், விஜியை அந்தம்மாளுக்குத் தெரியாது.

"என்ன அண்ணாச்சி, இந்த மாதிரி புஸ்தகமெல்லாம் வச்சிருக்கீய?"

"எந்த மாதிரி?"

"அதான், அந்தப் பதினோராம் வகுப்பு."

"படிச்சியாம்மா?"

"படிக்காமலா சொல்லுதேன்? ரெண்டு மட்டம் படிச்சாச்சு."

"புடிக்காத புக்க இன்னாத்துக்கு ரெண்டு தபா படிச்ச?"

"மொத மட்டம் கோவத்துல படிச்சேன்."

"ரெண்டாவது?"

"அந்தப் புள்ள பரீட்சை பாஸாச்சான்னு மறந்துபோச்சு."

இருதயராஜ் சிரித்தார். கமலம் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீய. அந்தப் புள்ளய நான் ஒண்ணும் சொல்லல. அதுபாட்டுக்கு இருக்கு. அதோட அம்மாக்காரியத்தான் என்னால பொறுக்க முடியல. அப்பன் போட்டு அந்த அடி அடிக்கான், இவ அடுக்களைல நின்னு விசில எண்ணிட்டு இருக்கா. பெத்தவ அப்படி இருப்பாளா? ஓடி வந்து குறுக்க விழமாட்டா? எழுதுனவனுக்குப் பொம்பளையளப் பத்தித் தெரியல."

"எழுதுனவனா? கிருஷ்ணப்பிரியான்னு கீதே."

"பொம்பள பேர வச்சிக்கிட்டு எவனோ ஆம்பள எழுதுதான் அண்ணாச்சி. படிச்சாலே தெரியுதுல்லா."

விஜியின் கை அலமாரிக் கம்பியில் இருந்தது. எடுத்தால் சத்தம் கேட்கும் என்று எடுக்காமல் இருந்தாள்.

"பஞ்சவர்ணம் அக்காட்டயும் சொன்னேன்" என்று கமலம் புத்தகங்களைப் பைக்குள் திணித்தபடி சொன்னாள். "ஒரு மட்டம் படிச்சுப் பாருங்க, அந்த அம்மாக்காரி செஞ்சது நியாயமான்னு நீங்களே சொல்லுங்கன்னேன். அதையெல்லாம் கையால தொடமாட்டேன்னுட்டாவ. மொகமே சரியில்ல. சரி, வாரேன்."

செருப்புச் சத்தம் கேட் பக்கம் போய்த் தேய்ந்தது. விஜி புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்தாள். இனி வியாழக்கிழமை தூங்கிவிடலாம் என்று நினைத்தாள். ஐந்து மணி வண்டியில் கூட்டமும் அதிகம்.

வெளியே வரும்போது இருதயராஜ் தலை நிமிராமல், "பொய்யி" என்றார்.

"என்னது?"

"கையால தொடலன்னு சொன்னது. இங்க வா." பேரேடு மாதிரி நீண்ட நோட்டைத் திருப்பி வைத்து விரலால் தட்டினார். வீட்டு நம்பர் அறுபத்து மூன்று. புத்தகம் 4117. எடுத்தது சனி, கொடுத்தது சனி. இரண்டு வாரம் விட்டு மறுபடி 4117. அதற்கு அடுத்து மறுபடி 4117.

"மூணு வாட்டி" என்றார். "நானும் ஒண்ணும் கேக்கல. அதுவும் ஒண்ணும் சொல்லல. வேற ரெண்டு புக்குக்கு நடுவுல சொருவி எடுத்துகினு போவும்."

விஜி அந்த மூன்று வரியையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நீயும் எட்டு வாரமா வர்ற. வந்தவுடனே நேரா அறுபத்து மூணு. எச்சி தொட்டுத் திருப்புற. அத்த அப்பிடித் திருப்புற ஆளு எனக்கு ஒருத்தர்தான் தெரியும். விஜிதானே?"

"ஆமாண்ணா."

"பேரு மாத்தலியா?"

"எதுக்கு மாத்தணும்? அம்மா விஜின்னு கூப்பிட்டதே சரியாதான் இருந்துச்சு."

"சர்தான்" என்றார். ஜெராக்ஸுக்கு யாரோ ஆதார் கார்டை நீட்ட, அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

விஜி மறுபடி பின்னறைக்குப் போனாள். இந்தத் தடவை புத்தகத்தை ட்யூப்லைட்டுக்குக் கீழே கொண்டுவந்து பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தாள். பக்க எண்ணுக்குக் கீழே காகிதம் மழமழப்பாக இல்லை. நூல் பிரிந்த மாதிரி மயிர்விட்டிருந்தது. விரலால் தடவினால் சொரசொரத்தது. நடுத்தையலில் ரப்பர் துகள் இருந்தது. நன்றாகப் பார்த்தபோது பென்சில் அழுத்திய இரண்டு குழி தெரிந்தது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு. ஒரு தடவை வைத்து அழித்தது இல்லை. ஒவ்வொரு தடவையும் முடித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் புள்ளி வைத்திருக்கிறாள். கொடுக்கும் முன்னால் அழித்திருக்கிறாள்.

எதற்காக அழித்தாள் என்பதற்கு இரண்டு காரணம் இருக்க முடியும். ஒன்று, கமலத்துக்கும் மற்றவர்களுக்கும் அந்தப் புள்ளி யாருடையது என்று தெரியும். இரண்டாவது, புள்ளி வைத்த புத்தகத்தை மறுபடி எடுக்கக் கூடாது என்பது அம்மாவே போட்டுக்கொண்ட சட்டம், அழித்தால் எடுக்கலாம். முதல் காரணம்தான் பொருத்தம் என்று விஜி தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஏழு வருடத்தில் அவள் கற்றுக்கொண்டது, இரண்டு காரணம் இருந்தால் மட்டமானதை நம்பு, பிறகு வலிக்காது என்பது. ஆனால் மூன்று தடவை என்பது கணக்கில் உதைத்தது. வெட்கப்படுகிறவள் ஒரு தடவை படிப்பாள். மூன்று தடவை எதற்கு?

அலமாரிப் பக்கத்தில் நூலில் கட்டி ஒரு பென்சில் தொங்கிக்கொண்டிருக்கும். அதை இழுத்தாள். நூல் எட்டவில்லை. குனிந்து, புத்தகத்தைத் தொடையில் வைத்து, பக்க எண்ணுக்கு இடது பக்கம், எப்போதும் வைக்கிற இடத்தில், கையை எடுக்காமல் ஐந்து கோடு போட்டாள். நட்சத்திரம் கொஞ்சம் கோணலாக வந்தது. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அன்று பட்டரவாக்கத்தில் இறங்க மறந்து கொரட்டூர் போய்த் திரும்பினாள். அரை மணி நேரம் லேட். சூப்பர்வைசர் திட்டினார். கேட்டுக்கொண்டு நின்றாள்.

அடுத்த வியாழன் அலமாரியில் 4117 இல்லை. "அறுபத்து மூணுலதான் கீது" என்றார் இருதயராஜ். அதற்கு அடுத்த வியாழனும் இல்லை. மற்ற இரண்டு புத்தகங்கள் திரும்பி வந்திருந்தன, இது வரவில்லை. மூன்றாவது வியாழன் மழை. கடை வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். இருதயராஜ் ஜெராக்ஸ் மிஷினை ஸ்டூல் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"தொலைஞ்சிடுச்சாம்" என்றார்.

"எது?"

"உன் புக்குதான். சனிக்கெழம வந்துச்சு. எங்கயோ வெச்சிட்டேன், கெடைக்கல, அதுக்கு உண்டானத எடுத்துக்கங்கன்னு கட்டிட்டுப் போச்சு. இருபத்தஞ்சு வருஷமா வருது விஜி. ஒரு புக்கு தொலைச்சதில்ல. ஒரு பக்கம் மடிச்சதில்ல."

விஜி மழையைப் பார்த்தாள். அம்மா நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்திருக்கிறாள். அதில் சந்தேகமில்லை. பார்த்துவிட்டுக் கிழித்தாளா, குழாயடியில் வைத்துக் கொளுத்தினாளா, பீரோவுக்கு அடியில் வைத்தாளா. அந்தப் பீரோவுக்கு அடியில் எதை வைத்தாலும் அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று அம்மாவுக்குத் தெரியாதா என்ன. நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தாளா என்பது இனி தெரியப்போவதில்லை. அந்தப் பக்கத்தை விஜி பார்க்க வழியில்லை. அது அறுபத்து மூன்றாம் வீட்டுக்குள் போய்விட்டது. இவளால் போக முடியாத இடம்.

"வேற ஒண்ணு கொண்டாந்து தரட்டாண்ணா?"

"தா. ஐம்பத்தெட்டு மறுபடி கேட்டுச்சு." அவர் மிஷின் மேல் பிளாஸ்டிக் உறையை இழுத்துவிட்டார். "இன்னொண்ணு. கட்டிட்டு அந்தம்மா போவல. நின்னுகினே இருந்துச்சு. இன்னாம்மான்னேன். இத எழுதுனவங்க அடுத்தது எழுதுறாங்களான்னு கேட்டுச்சு."

விஜி திரும்பினாள்.

"எழுதுனவங்கன்னா?"

"அப்டித்தான் கேட்டுச்சு. அவன் அவள்னு ஒண்ணும் சொல்லல. எழுதுனவங்க. எனக்கு இன்னா தெரியும், கேட்டு சொல்றேன்னேன். இந்த சனிக்கெழம வந்து நிக்கும். இன்னா சொல்லட்டும்?"

ஓர் எழுத்துகூட எழுதவில்லை என்பதுதான் உண்மை. புத்தகம் வந்ததிலிருந்து டீ நேரத்தில் டீ மட்டும்தான் குடித்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி படித்தாளா என்று தெரியாமல் இன்னொன்று எழுதி என்ன ஆகப்போகிறது என்று இருந்தாள்.

"எழுதிக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லுங்க."

"எப்ப வரும்னு கேட்டா?"

"கேப்பாங்களா?"

"கேக்கும்."

விஜி யோசித்தாள். ஒரு டீ நேரத்துக்கு அரைப் பக்கம். வாரத்துக்கு ஆறு ஷிப்டு. "ஒரு வருஷம் ஆகும்னு சொல்லுங்க" என்றாள். "முடிவ மட்டும் சொல்லமாட்டாங்களாம்னு சொல்லுங்க."

இருதயராஜுக்கு அது புரியவில்லை. ஆனால் மறந்துவிடக் கூடாது என்று நோட்டில் அறுபத்து மூன்றுக்கு நேராக அப்படியே எழுதி வைத்துக்கொண்டார்.

ஸ்டேஷனுக்கு வரும்போது சுடிதார் முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. வண்டி லேட். பிளாட்பாரத்தில் ஒழுகாத இடமாகப் பார்த்து நின்று போனை எடுத்தாள். திரையில் தண்ணீர் பட்டு எழுத்து தப்புத்தப்பாக விழுந்தது. துப்பட்டாவில் காய்ந்த முனையைத் தேடித் துடைத்தாள். மதி பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள் என்று ஆரம்பித்தாள். பிடிக்கவில்லை, அழித்தாள். குக்கர் நாலாவது விசில் அடித்தபோது மதியின் அம்மா அடுப்பை அணைத்தாளா இல்லையா என்று ஆரம்பித்தாள். அணைத்தாளா என்பது விஜிக்கே தெரியாது. அதை அழிக்கவில்லை.

வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் ஏறியபோது ஓர் அம்மாள் நகர்ந்து இடம் விட்டாளா, ஒதுங்கினாளா என்று தெரியவில்லை. எதுவானாலும் உட்கார இடம் கிடைத்தது. அண்ணனூர் வருவதற்குள் நாலு வரி. அறுபத்து மூன்றாம் பக்கம் வரைக்குமாவது எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.